குளிர்கால ஆர்டர்

சித்திரை பிறந்து பதினோராம் நாள்.
மேட்டுப்பாளையம் கிழங்கு மண்டி வாசலில்
தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
எங்கள் பையில்
கார்த்திகையில் யாரோ உடுத்தப்போகும்
தெர்மல் நாலு செட்.

கார்த்திகை என்றால் நம்மூர்க் கார்த்திகை இல்லை.
அங்கே பகலே நாலு மணி நேரந்தானாம்.
காலில் இரும்புப் பல் கட்டி
ஒரு கயிற்றுக்கு எட்டுப் பேராய்
உறைந்த ஆற்றின் வயிற்றுக்குள் போவார்களாம்.
பையர் அனுப்பிய படத்தில் குகை முழுக்க நீலம்,
சொட்டுநீலம் கூடிப்போன வேட்டி மாதிரி.
நடுவில் ஒருத்தி அண்ணாந்து நிற்கிறாள்.
நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
கழுத்துப் பட்டியைத்தான் பார்த்தேன்.
ஃபிளாட்லாக் தையல், ஓரத்தில் லேசாய் அலை.
யாரோ தைத்தது, போன வருஷம். எங்கள் கம்பெனி இல்லை.

உடுத்திப் பார்த்து எழுதச் சொல்லியிருந்தான்:
மைனஸ் பதினெட்டில் இருபது நிமிஷம்.
எங்கே உறுத்துகிறது, எங்கே காற்று புகுகிறது.
திருப்பூரில் அந்தக் குளிருக்கு எங்கே போக?
அன்னூர் பஸ் ஏறி, இந்தக் கோல்ட் ஸ்டோரேஜுக்கு வந்தோம்.

வழிகாட்ட நாச்சிமுத்து.
தலையில் கம்பளிக் குல்லா, உடம்பில் ஜெர்கின், இடுப்பில் லுங்கி.
"உள்பக்கம் சிகப்புப் பொத்தான் இருக்குதுங்க,
கதவு பூட்டிக்கிச்சுன்னா அதைய அமுக்கோணும்.
வேர்வையத் தொடச்சுப்போட்டு வாங்க.
ஈரக்கையில கம்பியத் தொட்டுப்போடாதீங்க, உடாது."
கயிறெல்லாம் இல்லை.
சௌடேஸ்வரி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் அறை ஊட்டிக் கிழங்கு.
மூட்டை மூட்டையாய் மலை மண் தூங்குகிறது.
அடுத்த கதவுக்கு அப்பால் பட்டாணி.

என் மூச்சை அங்கேதான் முதன்முதலாய்ப் பார்த்தேன்.
முப்பத்தாறு வருஷமாய்
உள்ளே போய் வந்துகொண்டிருந்த ஆள்,
ஒரு நாளும் முகம் காட்டியதில்லை.
சௌடேஸ்வரி வாயைக் குவித்து ஊதி ஊதிச் சிரித்தாள்.
அப்புறம் சிரிக்கப் பல் ஒத்துழைக்கவில்லை.

பேனா எழுதவில்லை. மனசில் குறித்துக்கொண்டேன்.
நாலாம் நிமிஷம், அக்குள் தையல் பரவாயில்லை.
ஒன்பதாம் நிமிஷம், இடுப்பு எலாஸ்டிக் மேலே ஏறுகிறது.
பன்னிரண்டாம் நிமிஷம், மூக்கு என்னுடையதாக இல்லை.

நாச்சிமுத்துவிடம் படத்தைக் காட்டியிருந்தோம்.
அதை நினைத்துத்தானோ என்னவோ
திடீரென்று டியூப்லைட்டை அணைத்தார்.
மேலே ஃபேனுக்குப் பின்னால்
பைப்பில் முழங்கை கனத்துக்குக் கட்டிய ஐஸ்.
அதன் முதுகில் டார்ச்சை வைத்து
"இதானுங்களா?" என்றார்.

நீலம் வரவில்லை.
வெள்ளை, பால் திரிந்த மாதிரி ஒரு வெள்ளை.
அதற்குள்ளே,
எந்தச் சாக்கிலிருந்து எப்போது எகிறியதோ,
ஒற்றைப் பட்டாணி.
வெளிச்சம் அதன் வழியாய் வந்தபோது
கூரையில் பச்சையாய் ஒரு சின்ன வட்டம் ஆடியது.
மூன்று பேரும் அண்ணாந்து நின்றோம்.
கம்ப்ரஸர் கூட அந்நேரம் நின்றிருந்தது.

அப்போதுதான் தொண்டைக்குழியில்
கத்தி மாதிரி இறங்கியது குளிர்.

வெளியே வந்ததும் கண்ணாடி வெளுத்துக் கண் தெரியவில்லை.
வெயிலைப் போர்வையாய் இழுத்துப்
போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம்,
மண்டி ஆட்கள் வேடிக்கை பார்க்க, தெர்மலோடு.
நாச்சிமுத்து டீ சொன்னார். காசு வாங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எழுதினேன்:
நேராய் நிற்கும்போது கழுத்து சரியாக இருக்கிறது.
அண்ணாந்தால் திறந்துகொள்கிறது.
குகைக்குள் போகிறவர்கள் அண்ணாந்துதான் பார்ப்பார்கள்.
பட்டியில் அரை இஞ்சு கூட்டவும்.

சௌடேஸ்வரி விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள்.
அரை இஞ்சு, நாற்பதாயிரம் பீஸ், ரிப் துணி கிலோ இன்ன விலை.
"முதலாளி அடிச்சுப்போடுவாருங்க்கா அந்த வரிய."

அடிக்கட்டும்.
அவிநாசி தாண்டும்வரை
அந்த வரிமேலேயே பேனாவை ஓட்டி ஓட்டி
அழுத்திக்கொண்டிருந்தேன்.
இப்போது நன்றாகவே எழுதியது.