எட்டுத் தீவுக்கும் ஒரே அலைவரிசை

சிலோயேவுக்குக் கிழக்கே மழை விடாத சின்னத் தீவுகள்.
எனக்கு ஒரு மருந்தறை, ஒரு வானொலிப் பெட்டி,
இருபத்தோரு வருஷத்து நர்ஸ் உத்தியோகம்.
டாக்டர் மாதம் ஒருமுறை படகில் வருவார்,
காற்று விட்டால்.

ஒரு வீட்டில் இருமினால் எட்டுத் தீவும் கேட்கும்.
ரகசிய வியாதி இங்கே கிடையாது.

"சென்யோரா எர்சிரா, பையனுக்கு மூக்கு ஒழுகுது. பச்சையா."
ஒழுகட்டும். விளையாடுகிறானா?
"கோழியைத் துரத்துறான்."
அப்படியானால் கோழியைக் கவனி.

"காய்ச்சல் முப்பத்தொன்பது."
இறங்கினதும் முகம் பார்த்துச் சிரிக்கிறாளா?
தண்ணீர் குடிக்கிறாளா?
பொறு. காலையில் கூப்பிடு.
மூன்று மாதம் நிரம்பாத பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மட்டும்
நான் வேறொன்றும் கேட்பதில்லை,
படகு எங்கே என்பதைத் தவிர.

ஆகஸ்ட். குளிர் உச்சம். இரவு இரண்டரை.
எவரிஸ்தோவின் குரல்.
மட்டி எடுக்கக் கடலில் மூழ்குகிறவன்,
மூச்சின் விலை தெரிந்தவன்.
மகள் அமன்காய்க்கு ஐந்து மாதம்.
"சளிதான், எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான்.
எழுப்பினதுக்கு மன்னிக்கணும்."
மன்னிப்புக் கேட்கிற அப்பன்களிடம்தான் எனக்குப் பயம்.

சட்டையைக் கழற்று. விளக்கைக் கிட்டே கொண்டு வா.
விலாவுக்குக் கீழே பார்.
"உள்ளே போகுது."
எப்படி?
நெடுநேரம் இரைச்சல். பிறகு,
"ஈரமணல்லே காலை எடுத்த இடம் மாதிரி."

எண்ணு. நிமிஷத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.
பொத்தானை அழுத்திப் பிடித்தபடி அவன் எண்ணினான்,
ஒன்று, இரண்டு, மூன்று,
பதினேழில் யாரோ கை தவறித் தங்கள் பொத்தானைத் தொட
ஒரு நாய், ஒரு பெஞ்சின் முனகல், உடனே விட்டார்கள்.
நாற்பதைத் தாண்டும்போது குரல் மெலிந்தது.
அறுபத்தாறு. நிறுத்து என்றேன்.

பால்?
"வாயை வைக்கிறா, விட்டுடுறா."
துணி கடைசியாக எப்போது நனைந்தது?
பின்னாலிருந்து ரொசால்பா: "மத்தியானம்."
உதட்டு நிறம்?
"லாந்தர் வெளிச்சத்திலே எல்லாமே மஞ்சளாத்தான் இருக்கு, சென்யோரா."

புறப்படு. காஸ்த்ரோ ஆஸ்பத்திரிக்கு. இப்போதே.
"கடல் வத்திக் கிடக்கு. படகு சேத்திலே."
நான் வாய் திறக்குமுன் ஒரு குரல், "வர்றேன்."
இன்னொரு குரல், "உருளைக்கட்டை எங்ககிட்டே இருக்கு."
மூன்றாவது குரல் ஒன்றும் சொல்லவில்லை;
பூட்ஸ் போடும் சத்தம் மட்டும்.

அதற்குப் பிறகு என் பெட்டியில் வெறும் இரைச்சல்.
அடுப்பில் விறகு வைத்தேன். வைத்ததையே எடுத்து மறுபடி வைத்தேன்.

பொறு என்ற சொல்லை ஒருமுறை
நான் தவறான வீட்டுக்குச் சொல்லியிருக்கிறேன்.
பதினொரு வருஷம் ஆகிறது.
நோல்ஃபாவின் பெட்டி அன்றிலிருந்து பேசுவதில்லை.
கேட்கிறது என்பது தெரியும்;
அதன் பச்சை விளக்கைப் படகிலிருந்து பார்க்கலாம்.

மூன்றாம் நாள் காலை.
உருளைக்கிழங்கு மூட்டை என்ன விலை,
டீசல் வருமா வராதா,
யார் வீட்டுப் பன்றி யார் தோட்டத்தில்.
நடுவே எல்லோரும் எதற்கோ ஒதுங்கியதுபோல் ஓர் இடைவெளி.
அதில், துருப்பிடித்த கீல் மாதிரி,
எனக்கு அடையாளம் தெரிய நொடி பிடித்த குரல்:

"துணி நனைஞ்சுதா?"

நனைந்தது, நோல்ஃபா.
இப்போதுதான் காஸ்த்ரோவிலிருந்து சொன்னார்கள்.
மெத்தையும் சேர்த்து.