நூற்று நாற்பத்தெட்டாவது திருத்தம்

சயான் இரத்த வங்கியின் கீழ்த்தளம்.
மணி ஒன்று பத்து. கடைசி லோக்கல் போயாயிற்று.
வெளியே மழை,
உள்ளே பதினான்கு குளிர்பெட்டிகளின் ஒரே முனகல்.
அவற்றின் சூட்டைக் கணக்கெடுக்கும் சர்வர் ஒன்றே ஒன்று.
இன்றிரவு அதன் கர்னலை மாற்ற வேண்டும்.

புதியது வந்து ஒன்பது நாள்.
வேகமாம். குல்கர்னிக்கு அந்தச் சொல் போதும்.
சோதனைக்கு வைத்திருந்த கிழட்டுப் பெட்டியில் ஏற்றிப் பார்த்தேன்.
நாற்பத்தொரு மணி நேரம் ஓடியது, சமர்த்தாக.
பிறகு நெட்வொர்க் கார்டின் பெயரைச் சொல்லிவிட்டு
உறைந்துபோனது.
திரையைப் படமெடுத்து அனுப்பினேன்.
ஒரு தடவைதானே, என்றார்.

ஒரு தடவைதான்.
மூன்றாம் பெட்டியில் ஓ நெகட்டிவ் நான்கு பை இருக்கிறது.
அதுவும் ஒரு தடவைதான் கெடும்.

நீண்டகாலப் பதிப்பு என்று இன்னொன்று.
நூற்று நாற்பத்தெட்டு முறை திருத்தியிருக்கிறார்கள்.
நிலையானது என்றால் மாறாதது
என்றுதான் நினைத்திருந்தேன், வேலைக்கு வந்த புதிதில்.
இல்லை. வாரத்துக்கு வாரம் மாறுகிறது,
புதிதாக எதற்கும் ஆசைப்படாமல்
தப்பை மட்டும் திருத்திக்கொண்டு.
சாயங்காலத்திலிருந்து அந்தக் குறிப்புகளைத்தான் படிக்கிறேன்:
யாரோ ஒரு பூட்டைத் திறக்க மறந்திருக்கிறார்.
யாரோ கழிக்க வேண்டிய இடத்தில்
ஒன்றைக் கூட்டியிருக்கிறார்.
முகம் தெரியாதவர்கள்.
கூச்சப்படாமல் கீழே பெயரெழுதியிருக்கிறார்கள்.

இன்னும் நான்கு வருஷம் பார்த்துக்கொள்கிறோம்
என்று தேதியும் போட்டிருக்கிறது.
நான்கு வருஷம்!
செம்பூரில் எனக்கு எழுதிக்கொடுத்தது பதினோரு மாதம்.
ஆணி அடிக்கக் கூடாது. மீன் பொரிக்கக் கூடாது.
வெள்ளிக்கிழமைக்குள் புதுப்பிக்க வேண்டும்,
அல்லது சாவியைக் கொடுக்க வேண்டும்.

நூற்று நாற்பத்தெட்டை ஏற்றினேன்.
இதுவரை ஓடியதை அழிக்கவில்லை,
பூட் மெனுவில் இரண்டாவது வரியாக இருக்கட்டும்.
ரீபூட்.

பதிலில்லை.
பதிலில்லை.
பெட்டிகளின் முனகல் திடீரென்று பெரிதாகக் கேட்டது.
ஷெல்கே டார்ச்சோடு பெட்டி பெட்டியாகப் போய்
முகப்பு எண்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார்.
“ஜாலா கா?”
நாஹி.
பதிலில்லை.

தொண்ணூற்றாறாவது வினாடியில் வந்தது.
மூன்றாம் பெட்டி: நான்கு புள்ளி இரண்டு.
ஷெல்கேயின் தாளிலும் நான்கு புள்ளி இரண்டு.
குல்கர்னிக்கு எழுதினேன்:
மாற்றியாயிற்று. புதியதற்கு அல்ல.

முதல் ரயிலுக்கு இன்னும் இரண்டரை மணி நேரம்.
பையிலிருந்து வாடகை ஒப்பந்தத்தை எடுத்து
பதினொன்றை மெல்ல அடித்துவிட்டு
மேலே நாற்பத்தெட்டு என்று எழுதிப் பார்த்தேன்.
ஷெல்கே பென்சிலைத் திருப்பிக் கேட்டார்,
இரண்டு மணிக் கணக்கு எடுக்க வேண்டுமாம்.
சர்வர்தான் ஓடுகிறதே, என்றேன்.
ஓடட்டும், என்றார்.