ஐந்துக்கு மூன்று

டண்டீயில் புதன்கிழமை மதியம் வகுப்பு கிடையாது.
டே ஆற்றுக் காற்று கதவை முட்டிக்கொண்டிருக்க
கூடத்துக்குள் பூப்பந்து.
நடுவர் வைக்கக் காசில்லாத பிரிவு எங்களுடையது.
பந்து உள்ளேயா வெளியேயா என்று
அது விழுந்த பக்கத்தில் நிற்பவரே சொல்ல வேண்டும்.
எதிரில் நிற்பவர் அதை நம்ப வேண்டும்.
விதிப்புத்தகத்தில் எனக்குப் பிடித்த வரி அதுதான்.
எந்தத் தைரியத்தில் அச்சடித்தார்களோ!

இஷ்பெல் மக்ரே உடனே சொல்லிவிடுவாள்,
இருபதுக்கு இருபது என்றாலும்,
தன் தலையில் தானே மண் போடுவதானாலும்.
ஒருமுறை எதிரணிப் பெண்,
"வெளியேதான் போச்சு, விடு" என்று வாதாட,
"கோட்டைத் தொட்டது, புள்ளி உனக்குத்தான்" என்று இவள்.
இப்படியும் ஒரு சண்டை.

நான் ஆடுவதில்லை. முதல் மாதமே முட்டி போய்விட்டது.
பெயர்ப்பட்டியல் என் வேலை:
மாணவர் எண், சேர்ந்த தேதி, முழுநேரமா,
இந்த ஆண்டு வேறு எங்காவது ஆடியதுண்டா.
பதினோரு பேர், பதினோரு வரிசை.
எல்லாம் பச்சையாக இருந்தால்
எனக்கு நல்ல தூக்கம்.

மார்ச்சில் ஸ்டர்லிங் அணியை
ஐந்துக்கு மூன்று என்று வென்றோம்.
ஐந்தாவது, இஷ்பெல் எடுத்துத் தந்தது.
வெள்ளிக்கிழமை பட்டியலைத் திறந்தால்
அவள் வரிசை மட்டும் சிவப்பு.
படிப்பு இடைநிறுத்தம். காரணம், அம்மாவின் சிகிச்சை.
அமலாகும் நாள்: திங்கள்.
ஆடிய நாள்: புதன்.
திரைக்கும் எனக்கும் தவிர
யாருக்கும் தெரியாது.

பயிற்சியாளர் ஃபெர்கஸ் கெட்டவர் இல்லை.
டீக் கோப்பையை மேசைமேல் இங்குமங்கும் நகர்த்தினார்.
"மண்பாண்டம் வனைய ஒரு மாலை வகுப்பு இருக்கிறதே,
அதில் சேர்த்துவிட்டால் அவளும் மாணவிதானே?"
பகுதிநேரம் கணக்கில் வராது என்றேன்.
போன புதனுக்கு யாரும் இன்று சேர முடியாது என்றேன்.
"யார் வந்து எண்ணப்போகிறார்கள்?"
"எண்ணத்தானே என்னை வைத்திருக்கிறீர்கள்?"
அவர் சிரிக்கவில்லை.
நானும் சிரிக்கச் சொல்லவில்லை.

என் விசாவிலும் தேதிகள் இருக்கின்றன.
வாரத்துக்கு இருபது மணி நேரம், அதற்குமேல் ஒரு நிமிடம் கூடாது.
நவம்பரில் ஒருநாள் கடை முதலாளி குணரட்ணம்,
"இன்னும் ரெண்டு மணித்தியாலம் நில்லும் பிள்ளை,
காசைக் கையில தாறன்" என்றபோது
மேலங்கியை மாட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கினேன்.
என் மூன்று நாள் சாப்பாடு அந்தக் காசு.
விதி என்னைக் கொஞ்சியதே இல்லை.
ஆனால் எனக்கு மட்டும் இரும்பாக,
ஆட்டம் ஜெயிப்பவர்களுக்கு ரப்பராக இருந்தால்
நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

அனுப்பும் முன் இஷ்பெல்லை அழைத்தேன்.
மருத்துவமனை நடையில் யாரோ கட்டிலைத் தள்ளும் சத்தம்.
கடைசிவரை கேட்டாள். பிறகு,
"உள்ளேயா, வெளியேயா?"
"வெளியே. இரண்டு நாள்."
"இரண்டு நாளா? அப்போ கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்."
மூக்கை உறிஞ்சினாள்.
"அனுப்பு. மற்றவர்களிடம் நானே சொல்கிறேன்."
சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

ஐந்துக்கு மூன்று
எட்டுக்கு ஒன்றுமில்லை ஆயிற்று, எதிர்ப்பக்கம்.
ஒரு பிரிவு கீழே இறங்கினோம்.
ரோவன் ஏப்ரல் முழுக்க என்னோடு பேசவில்லை.
ஸ்டர்லிங் அணித்தலைவி எழுதினாள்:
இப்படிக் கிடைத்த வெற்றி எங்களுக்கு வேண்டாம்.
வேண்டாமென்று சொல்ல விதியில் இடமில்லை
என்று பதில் போட்டேன்.
போட்டபின் வேறு மாதிரி எழுதியிருக்கலாம் என்று
இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர். புதுப் பட்டியல், புதுப் பெயர்கள்.
இஷ்பெல் இன்னும் திரும்பவில்லை.
ஏழாவது வரிசையைக் காலியாக விட்டிருக்கிறேன்.
காலி வரிசை கூடாதென்று
விதியில் எங்கும் இல்லை.
இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டேன்.