ஏழு கணினிக்கு ஓர் எண்

நிறுவல் முடியும் தறுவாயில் அது கேட்கும்:
இந்தக் கணினியில் எந்தெந்த மென்பொருள் புழங்குகிறதென்று
கிழமைக்கு ஒருதரம், பெயரில்லாமல்,
எங்களுக்குச் சொல்ல விருப்பமா?
ஆம். இல்லை.
வெளிச்சம் ஏற்கெனவே இல்லையின் மேல் நிற்கும்.

பதினொரு வருடமாய் நான் அதை நகர்த்தியதில்லை.
விசையைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன்.

திருகோணமலையில் என்னை எண்ணியவர்கள் எவரும்
விருப்பமா என்று கேட்டதில்லை.
விதானையார் எண்ணினார்.
சீருடை எண்ணியது, இரவு இரண்டு மணிக்கு,
டோர்ச் வெளிச்சத்தில், தலைக்கு ஒரு தட்டு.
கதவில் ஒட்டிய தாளில் ஐந்து பெயர்,
உள்ளே விரித்திருந்தது ஆறு பாய்.
ஆறாவதை அம்மா சுருட்டிய வேகத்தை
இன்னும் யாரிடமும் நான் பார்க்கவில்லை.

கடல் வந்து போனபிறகு அதே ஐந்து
அரிசி வரிசையில் எங்களுக்கு எதிராய் நின்றது.
ஐந்து பேருக்குத்தான் அளந்தார்கள்.
அண்ணன் பட்டியலுக்கு வெளியே
தன் பசியைத் தானே வைத்துக்கொண்டு நின்றான்.

பிறகு, போன மாதம்தான் வாசித்தேன்:
முப்பத்திரண்டு பிட் கணினிகளுக்கு
இனிப் புதிய பதிப்பு வராதாம்.
பாவிக்கிறவர்கள் மிகக் குறைவாம்.
வரைபடத்தில் அந்தக் கோடு
காற்றில்லாத நாளில் உட்துறைமுகத் தண்ணீர் போலக் கிடந்தது.

என் கடையில் ஏழு இருக்கின்றன.
மூடிப்போன ஒரு நிவாரண அலுவலகத்திலிருந்து
நிறுத்து, கிலோக் கணக்கில் வாங்கியவை.
ஏழும் ஓடுகின்றன. ஏழிலும் தமிழ் உடையாமல் தெரிகிறது.
கோட்டில் ஒன்றும் இல்லை.
இல்லை என்று சொன்னது நான்தான்.

அனுப்பப்போவதை முதலில் திறந்து வாசித்தேன்,
வாக்குமூலத்தில் கையெழுத்திட முன்னர் வாசிக்கிற மாதிரி,
வரி வரியாக.
பொதியின் பெயர், கடைசியாய்த் தொட்ட நாள்.
ஊரில்லை, தகப்பன் பெயரில்லை, என்ன சமயமென்று இல்லை.
சதுரங்கம்: இருக்கிறது, திறந்ததேயில்லை.
தமிழ் எழுத்துரு: இருக்கிறது, தினமும்.
அது மட்டும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும்.
பரவாயில்லை என்றேன், சத்தமாக,
கடையில் யாரும் இல்லாதபோது.

வெளிச்சத்தை ஒரு கட்டம் நகர்த்தினேன்.

மபாஸ்தான் கண்டுபிடித்தான்.
கிண்ணியா பஸ்ஸுக்கு எழும்பியவன், பை தோளில்,
"அக்கா, தலைப்பைப் பாருங்க. ஏழுக்கும் ஒரே எண்."

கண்ணை மூடிக்கொண்டு அள்ளிய மணல் போல
முப்பத்திரண்டு எழுத்து நீளத்தில் ஓர் எண்.
நேரம் மிச்சமென்று ஒன்றில் நிறுவி
மற்ற ஆறுக்கும் நகல் எடுத்தது நான்.
எண்ணும் கூடவே நகலாகியிருக்கிறது.
எங்கேயோ ஒரு சேவையகம்
ஏழு பேரை ஒரே பாயில் படுக்கவைக்கப் பார்க்கிறது.

சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

கன்னியாவில் கிணறு ஏழு, கையெட்டும் தூரத்துக்குள்.
ஒன்றின் சூடு மற்றதற்கில்லை.
வாளியோடு போனவர் எவரும்
ஒரு கிணற்றில் குளித்தேன் என்று வந்ததில்லை.

ஒவ்வொன்றாய்ப் பழைய எண்ணை அழித்து
புதிதாய் ஒன்று பிறக்கவிட்டோம்.
மபாஸ் அடுத்த பஸ்ஸையும் விட்டான்.
வாசலில் ஒரு மான் அட்டைப்பெட்டியின் மூலையைத் தின்றது.
நாங்கள் கலைக்கவில்லை.

ஆறு இன்று காலை அனுப்பிவிட்டன.
கோடு அசைந்ததா, தெரியாது.
அந்த உயரத்திலிருந்து பார்த்தால்
ஆறு என்பது ஒரு மயிர் தடிப்புக்கும் காணாது.

ஏழாவது குச்சவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது.
அங்கே இணைப்பு இல்லை, வருமென்றும் எவரும் சொல்லவில்லை.
கிழமைக்கு ஒருதரம் அது தன்னை எண்ணும்,
எழுதும், அனுப்பப் பார்க்கும், தோற்கும்.
அடுத்த கிழமையும்.

இதை எதில் விடுறது, என்று கேட்டான் மபாஸ்,
வயரைச் சுற்றியபடி.

ஆமில் விடு.
விரித்த பாய் விரித்தபடி கிடக்கட்டும்.