கைப்பையில் மூன்று தக்காளி

சனிக்கிழமை இரும்பு வாங்காதே என்பார்கள்.
எனக்கு லீவு சனிக்கிழமைதான்.

கீழ ரத வீதிப் பாத்திரக் கடையில்
சூடம் அணைவதற்குள் போய்
"கத்தி காட்டுங்க" என்றேன்.
கல்லாவில் இருந்தவர் ஒருதரம் சூடத்தைப் பார்த்தார்,
ஒருதரம் என்னை.

பையன் அன்னராஜ் அட்டைப்பெட்டி கொண்டுவந்தான்.
ஆறு கத்தி, ஒரு கத்தரிக்கோல், மரத்தாங்கி.
தோல் சீவி இலவசம்.
கல்யாணத்துக்கு இப்படி ஒன்று வந்தது எனக்கு.
ஐந்து கத்தி இன்னும் உறை பிரிக்காமல்
அந்த வீட்டில்தான் இருக்கும்.
ஆறாவதை வைத்துத் தபால் பிரித்தேன்.
கடைசியாகப் பிரித்தது
குடும்பநீதிமன்றத்துத் தபால்.

"பெட்டி வேண்டாம். ஒண்ணு போதும்."

பிடியின் முதுகு வழியே பார்த்தேன்:
இரும்பு கடைசிவரை போகிறதா,
பாதியில் நின்று ஏமாற்றுகிறதா.
மூன்று ஆணி. ஆணித்தலையில் நகம் இடறக் கூடாது,
இடறுகிற இடத்தில் மீன் செதிள் குடியிருக்கும்.
கழுத்தை ஒரு விரலில் கிடத்தினேன்.
ஒன்று மூக்குக் குப்புற விழுந்தது.
ஒன்று வாலைத் தொங்கப் போட்டது.
மூன்றாவது யோசித்தது,
நின்றது.

"எக்கா, நகை எடுக்க வந்த மாரில்லா பாக்கிய."

நகை என்ன, வருஷத்துக்கு ரெண்டு நாள்.
இதைத் தினமும் பிடிக்கணும், ஈரக் கையோடு.

கை என்றால் பீச்சாங்கை.
ஒரு பக்கம் மட்டும் தீட்டின கத்தி
எனக்கு வெங்காயத்தைக் கோணலாகத்தான் அரியும்.
எட்டு வருஷம் வலது கையால் அரிந்தேன்,
இடக்கை ஆகாத அடுப்படி அது.
அவியலுக்கு நான் நறுக்கிய சேனைத் துண்டுகள்
ஒன்றுக்கொன்று
சொந்தமே இல்லாதவை போலக் கிடக்கும்.

ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
வாய் இரண்டு பக்கமும் ஒரே சரிவு.
அப்புறம் கைப்பையைத் திறந்து
தக்காளியை எடுத்தேன்.

கல்லாக்காரர் எழுந்தே விட்டார்.
"வாங்காத கத்தியில வெட்டலாமா தாயி?"
"வெட்டாத கத்திய வாங்கலாமா?"

வெங்காயம் எந்தக் கத்திக்கும் வழிவிட்டுவிடும்.
பழுத்த தக்காளித் தோலுக்குத்தான்
பொய் சொல்லத் தெரியாது.
முதல் கத்தி அமுக்கியது, விதை அன்னராஜ் சட்டையில்.
மூன்றாவதை நான் அழுத்தவே இல்லை,
இழுத்தேன்.
தக்காளிக்கே தெரியவில்லை.
ஒரு நொடி முழுசாக இருந்தது,
அப்புறம்தான் இரண்டானது.

எழுநூற்று இருபது.
பக்கத்திலேயே துருப்பிடிக்காதது முந்நூறு.
இது வாழைக்காய்க் கறைக்குக் கறுக்கும்,
புளி பட்டால் உடனே துடைக்கணும்,
கழுவிப் போட்டுவிட்டு மறக்க முடியாது.
மறக்கிற ஆள் இல்லை நான்.

ஆற்றுப்பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.
யாருக்கோ குருபூஜை, பை பையாகச் சோதனை.
'உங்க ஊர்ல எல்லார் முதுகிலயும் அரிவாள் இருக்குமாமே'
என்று கேட்கும் வெளியூர்க்காரர்களுக்கு
வழக்கமாக நான் சொல்லும் பதில்
அந்த நேரம் வாயில் வரவில்லை.

பெண் போலீஸ். நெஞ்சுப் பட்டையில் சு. உலகம்மாள்.
பேப்பரைப் பிரித்தார்.
பஸ் மொத்தமும் கழுத்தை நீட்டியது.

"என்னது இது?"
"வெண்டைக்காய்க்கு."
"பில்லு?"
நீட்டினேன்.
மிச்சமிருந்த தக்காளியையும், சாட்சிக்கு.

அவர் சிரிக்கவில்லை.
ஆணித்தலைகளை நகத்தால் தடவினார்.
பிடியின் முதுகைப் பார்த்தார்.
கழுத்தை ஒரு விரலில் கிடத்தினார்.
அது யோசித்தது,
நின்றது.

"எந்தக் கட?"
சொன்னேன். பில்லைப் பார்த்து
நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்,
டூட்டிக்கா வீட்டுக்கா, கேட்கவில்லை நான்.
"அதுக்குன்னு சனிக்கெழமையா வாங்குவிய?"

முன்னைவிட இறுக்கமாகச் சுற்றி,
முனையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு
பிடியை நீட்டினார்,
சரியாக என் இடது கைக்கு.