கடைக் கட்டம்

எட்டுப் பருவம், பருவத்துக்கு ஆறு கட்டம்.
நாற்பத்தேழு நிரம்பிவிட்டன.
குட்டாய்ஸியில் பிப்ரவரி.
கூட்ட அறையின் கணப்பு டிசம்பரிலேயே செத்துப்போனது.
கையை உயர்த்தினால் குளிர்கிறதென்று
எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறுகிறது.

மிச்சமிருக்கும் ஒற்றைக் கட்டம்.
த்சியாலாவுக்கு அதில் டிஜிட்டல் விளம்பரம், இரண்டாம் பாகம்.
பெசாரியோனுக்குப் புள்ளியியல் போதவில்லை,
அவருக்கு அது என்றைக்குத்தான் போதும்?
வங்கியிலிருந்து ஒரு கடிதம்:
தலைமைப் பண்பு சேர்த்தால் நாற்காலிகள் தருவார்களாம்.

பதினோரு வருடமாகக் குறிப்பெழுதி மட்டுமே பழகிய நான்
வாய் திறந்தேன்:
'கடையை மூடுவது எப்படி.'

சிரித்தார்கள்.
நானும் கொஞ்சம் சிரித்துவிட்டுச் சொன்னேன்.
மாடிப்படிக்குக் கீழே நனூலியின் நகலகம்.
இதே பாடத்திட்டத்தைப் பதினான்கு முறை
அச்சடித்துக் கொடுத்தவள்.
வெள்ளிக்கிழமை கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்:
இருபத்தெட்டோடு சரி.
நம்மிடம் படித்துத் தேறிய மூன்று பேரிடம்
எப்படி மூடுவதென்று கேட்டிருக்கிறாள்.
ஒருவன் செயலி தொடங்கச் சொன்னான்.
ஒருத்தி கடையின் பெயரை மாற்றச் சொன்னாள்.
மூன்றாமவன் மேல்நோக்கி ஓர் அம்பு வரைந்து
தாளை அவளிடமே விட்டுப்போனான்.
எந்தக் கடனை முதலில் அடைப்பது,
தாள் வெட்டும் பெண்ணிடம் எந்தக் கிழமை சொல்வது,
பாதி தீர்ந்த மைக்குப்பியை யாருக்குக் கொடுப்பது,
பழைய வாடிக்கையாளர் பாலத்தில் எதிர்ப்பட்டால்
எந்தப் பக்கம் பார்ப்பது
ஒருவருக்கும் தெரியவில்லை.

ரமாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
லாரி ஆலையில் திட்டப் பிரிவில் இருந்தவர்.
'எங்களை யாரும் மூடவில்லை,' என்றார்.
'ஒரு திங்கள்கிழமை வாயிற்காவலன் வரவில்லை, அவ்வளவுதான்.
நாங்கள் இன்னும் இரண்டு வருடம் போய்வந்தோம்.
அந்த இரண்டு வருடத்துக்கும் நான் திட்டம் போட்டேன்.
பச்சை மையில்.'

அப்போதுதான் மாணவர் பிரதிநிதி எலிசோ
அம்புக்குறி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
'புள்ளியியல் படிக்க உற்பத்தி மேலாண்மை முடித்திருக்க வேண்டும்,
உற்பத்தி மேலாண்மை படிக்கப் புள்ளியியல் முடித்திருக்க வேண்டும்.
அப்படியானால் யாருமே பட்டம் வாங்க முடியாதே?'

நான்காம் கூட்டத்தில் நிறைவேறியது அது.
அடியில் என் கையெழுத்து.
பெசாரியோனும் ரமாஸும்
குறுகிய வாசலில் எதிரெதிரே மாட்டிக்கொண்டவர்கள்போல
நீங்கள் முதலில், இல்லை நீங்கள், என்று
ஒன்றரை மணி நேரம்.
கடைசி மினிபஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
த்சியாலா அந்தக் கட்டத்தில் எழுதினாள்:
விருப்பப் பாடம். பதினைந்து பேர் சேர்ந்தால் நடத்தப்படும்.

கற்றல் விளைவை மட்டும் வீட்டில் எழுதிவரச் சொன்னார்கள்.
'புரிந்துகொள்வார்' கூடாது, அளக்க முடியாது.
கணக்கிடுவார், வகைப்படுத்துவார், மதிப்பிடுவார் என
அனுமதிக்கப்பட்ட வினைச்சொற்கள் இரண்டு பக்கம்.
கடன்களுக்குக் 'கணக்கிடுவார்' போதும்.
தாள் வெட்டும் பெண்ணுக்கு?
'விளக்குவார்' என்று எழுதி, அடித்து,
மறுபடி அதையே எழுதினேன்.

பதினைந்தாம் நகல். அறுபத்திரண்டு பக்கம்.
ஆறு லரி இருபது தெத்ரி.
நனூலி பக்கங்களை எண்ணிக்கொண்டே வந்து
கடைசிக்கு முந்தைய பக்கத்தில் நின்றாள்.
'இது எப்போது?'
'எட்டாம் பருவம். நான்கு வருடம் கழித்து, இதே பிப்ரவரி.'
பின் அடித்தாள். ஒன்று கோணலாகப் போக,
பிடுங்கி மறுபடி அடித்தாள்.
'பதினாலு பேர் கிடைத்தால்
எனக்குச் சொல்லியனுப்புங்கள்.'