முப்பத்தொன்றுக்கு அடுத்து நாற்பத்து நான்கு

புனித அன்னாள் திருநாளுக்கு முந்தைய மாலை
சந்தைத் திடலில் சுண்ணாம்புக் கோடு போடுவது
ஊராட்சியில் என் வேலை.
ஒரு கடைக்கு மூன்று மீட்டர்,
மூன்று மீட்டருக்கு ஒரு முடிச்சு.
கயிறு நைலான், போன வருடம் வாங்கியது.
முடிச்சுக் கணக்கு மட்டும் பழசு.

ஓல்ஷின்கியில் முதல் சந்தை எப்போது கூடியது?
பாதிரியார் ஒரு நூற்றாண்டு சொல்வார்,
சாராயக்கடை இன்னொன்று சொல்லும்.
எலி தின்றது போக
எங்களிடம் நான்கு பேரேடுகள்.

ஜார் காலத்தில் குதிரைக்கு ஐந்து கோபெக்,
வாத்துக்கு அரை,
"அழுகிற பன்றிக்குட்டிக்கு" ஒன்று.
அழாததற்கு எவ்வளவு என்று எழுதவில்லை.
பிறகு மார்க். பிறகு ஸ்லாட்டி.
மறுபடி ரூபிள், மறுபடி மார்க்.
நாங்கள் எங்கும் போகவில்லை;
தேசங்கள்தாம் வந்து வந்து போயின,
ஒவ்வொன்றும் சுங்கம் கேட்டது.

முதல் போரில் ஊர் எரிந்த மறு வருடமும்
சந்தை கூடியிருக்கிறது.
விற்ற சரக்கு: ஆணி.
சாம்பலில் பொறுக்கி
கல்லில் தட்டி நிமிர்த்திய ஆணி.
வாங்கியவர் எல்லாரும்
விற்றவரும்.

தியெப் முப்பத்தொன்றாம் எண்ணில் செருப்பு விற்கிறார்.
ஹாய்ஃபோங்கில் பிறந்தவர்,
எங்கள் மொழியில் எங்களைவிடக் கறாராகப் பேரம் பேசுபவர்.
இந்த வருடம் என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"முப்பத்தொன்று நான். எதிரே தேன்காரர் நாற்பத்து நான்கு.
நடுவில் பன்னிரண்டு கடை எங்கேம்மா?"

அங்கேதான் காற்றடைத்த கோட்டை நிற்கும்,
பிள்ளைகள் குதிக்க.
எப்போதும் அங்கேதான். காலி இடமாயிற்றே.

முப்பத்தெட்டாம் ஆண்டுப் பேரேட்டை எடுத்தேன்.
முப்பத்திரண்டு: ஷ்முல் கப்லான், தொப்பி.
முப்பத்து மூன்று: ஃபைகா ரோஸென், மகளும், பொத்தான், நாடா.
முப்பத்து நான்கு: வைன்ரிப், விளக்குத் திரி, வாசலில் நாய் கட்டக்கூடாது என்று எச்சரிக்கப்பட்டார்.
இப்படியே நாற்பத்து மூன்றுவரை.
சுங்கம் பாக்கி ஒருவருக்கும் இல்லை.

நாற்பத்து மூன்றாம் ஆண்டில்
அந்த எண்கள் இல்லை. அடித்தல் திருத்தல் இல்லை.
எழுதியவர் கை நடுங்கவுமில்லை,
முப்பத்தொன்றிலிருந்து தாண்டியிருக்கிறார்
ஓடையைத் தாண்டுவதுபோல.
சரக்கு: இறகுத் தலையணை, கிலோக் கணக்கில்.
சுவர்க் கடிகாரம், ஒன்பது.
குழந்தைக் கட்டில். கதவு, நிலையோடு.
தொப்பி அச்சு, மரம், அடுப்புக்கு ஆகும்.
அடியில் கூட்டுத்தொகை:
நான்கு பேரேட்டிலும் அதுவே அதிக வரவு.

எங்கள் வீட்டில் ஒரு தையல் எந்திரம் உண்டு.
எண்ணெய் விட்டால் இன்றும் ஓடும்.
எந்தச் சந்தையில் வாங்கியது என்று
நான் கேட்டதில்லை.
கேட்காமல் இருந்ததும்
அடிமாட்டு விலைக்குக் கேட்டதுதான்.

தியெப்பிடம் பெயர்களைப் படித்துக் காட்டினேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, "நாய் என்ன ஆச்சு?" என்றார்.

இருட்டியபின் வாளியோடு திரும்பிப் போனேன்.
யாரும் சொல்லவில்லை, யாரிடமும் கேட்கவில்லை.
கயிற்றைப் பிடிக்க ஆள் இல்லாமல்
ஒரு முனையைச் செங்கல்லில் கட்டி
முப்பத்திரண்டு தொடங்கி
புல்மேல் பெரிதாக எழுதினேன்.
நாற்பதில் சுண்ணாம்பு தீர்ந்து
வீட்டுக்குப் போய்க் கரைத்து வந்தேன்.

காலையில் கோட்டைக்காரர்
பனி ஈரத்தில் தன் கோட்டையை விரித்தார்,
கீழே பார்க்காமல்.
நாள் முழுக்கப் பிள்ளைகள் குதித்தார்கள்.
ஒருத்தி ஒற்றைச் செருப்பைத் தொலைத்தாள்;
தியெப் ஜோடி இல்லாமல் ஒன்றைக் கொடுத்தார்.

மாலையில் காற்றைப் பிடுங்கினார்கள்.
கோட்டை மண்டியிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து, படுத்தது.
சுருட்டும்போது அடிப்பக்கம் தெரிந்தது:
இடவலம் மாறி, வெள்ளையாக,
முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று,
கொஞ்சம் அழிந்த முப்பத்து நான்கு.
லாரி அடுத்த ஞாயிறு
பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகிறது.